கேமிங் லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு மாற்றப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

ரேம் மாற்றியாயிற்று, எஸ்எஸ்டி மாற்றியாயிற்று, அப்படியே கிராஃபிக்ஸ் கார்டையும் மாற்றிவிட்டால் இன்னும் நாலு வருஷம் ஓட்டிவிடலாமே என்று தோன்றும். நியாயமான ஆசைதான். ஆனால் உங்கள் லேப்டாப்பில் 'கார்டு' என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள், ஏனென்றால் இன்று விற்கும் பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் ஜிபியு (கிராஃபிக்ஸ் வேலையைச் செய்யும்) சிப், அதைச் சுற்றியுள்ள வீடியோ மெமரி, மின்சாரம் கொடுக்கும் பாகங்கள் எல்லாமே மதர்போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருக்கும், அதாவது உலோகம் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். சிப்பை மட்டும் பெயர்த்துவிட்டு மேல்ரக சிப் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மெமரி, மின்சுற்று, பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) எல்லாம் பழைய சிப்புக்கு என்றே அமைந்தவை.

எப்படிக் கண்டுபிடிப்பது? டிவைஸ் மேனேஜரில் ஜிபியுவின் பெயர் தெரியும், அது கழற்றக்கூடியதா என்பது தெரியாது. லேப்டாப்பின் அடியில் உள்ள முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். பாகங்களைக் கழற்றும் பகுதியில் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனித் தலைப்பு இருந்தால் வழி இருக்கிறது. மதர்போர்டு என்று மட்டும் இருந்தால் இல்லை, அவ்வளவுதான்.

தனி கார்டு என்றால் பெரும்பாலும் அது எம்எக்ஸ்எம் (லேப்டாப்புக்கென்றே உள்ள, கழற்றி மாட்டும் கார்டு) வகையாக இருக்கும். பழைய ஏலியன்வேர், எம்எஸ்ஐ ஜிடி வரிசை, கிளெவோ போன்ற கனமான லேப்டாப்களில் இதைப் பார்க்கலாம். எம்எக்ஸ்எம் 3.0-இல் ஏ வகை 82×70 மி.மீ., பி வகை 82×105 மி.மீ. ஸ்லாட்டில் பொருந்துகிறது என்பதற்காக வேலை செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம், நிறைய பேர் காசை விடுவது இங்கேதான். உங்கள் ஹீட்சிங்கின் (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்) திருகு துளைகள் புதிய கார்டோடு ஒத்துப்போக வேண்டும், மெமரி சிப்கள் இருக்கும் இடத்தில் ஹீட்சிங்கின் தகடு வந்து உட்கார வேண்டும், கார்டு கேட்கும் வாட்டை ஸ்லாட்டும் சார்ஜரும் தாங்க வேண்டும், இதெல்லாம் சரியாக இருந்தாலும் லேப்டாப்பின் பயாஸ் அந்தக் கார்டை ஏற்காமல் போகலாம். அதனால் அதே மாடல் லேப்டாப்பில் அதே கார்டை வேறு யாராவது போட்டு ஓட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். யாருமே போட்டதில்லை என்றால் நான் வாங்க மாட்டேன்.

சரி, கார்டு கையில் வந்துவிட்டது. முதலில் பேக்கப் எடுங்கள், பயாஸைப் புதுப்பியுங்கள், பிறகு விண்டோஸின் சேஃப் மோடில் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற மென்பொருள் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துவிடுங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடி மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி இணைப்பை எடுப்பது. எடுத்த பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். திருகுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது, ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள்.

ஹீட்சிங்கின் திருகுகள் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து கீழே வாருங்கள், மாட்டும்போது 1-இலிருந்து போங்கள், ஒரேயடியாக இறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. பல லேப்டாப்களில் சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் ஒரே ஹீட்சிங்க்தான், அப்படியென்றால் சிபியு மேலும் பழைய தெர்மல் பேஸ்டை (சூட்டைக் கடத்தும் பசை) துடைத்துப் புதிதாகப் போட வேண்டும், துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். கார்டைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுத்ததும் ரேம் போலச் சாய்வாக எழும்பும், அதே சாய்வில் வெளியே இழுங்கள், புதியதையும் அதே சாய்வில் சொருகி அமுக்குங்கள்.

மெமரி சிப்களுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கும் தெர்மல் பேடின் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு) தடிமனில் மட்டும் அலட்சியம் வேண்டாம். முதல் முறை மாற்றியபோது கையில் இருந்ததை வெட்டி ஒட்டினேன், அது அரை மில்லிமீட்டர் அதிகம், ஹீட்சிங்க் சிப் மேல் முழுதாகப் படியவே இல்லை, கேம் திறந்த சில நிமிடத்தில் சூடு ஏறி வேகம் பாதியாகிவிட்டது. அதற்குப் பிறகு, ஒருமுறை மாட்டி, திரும்பக் கழற்றி, பேஸ்ட் சிப் முழுக்கப் பரவியிருக்கிறதா என்று பார்த்து, துடைத்துவிட்டு மறுபடி போட்டுத்தான் மூடுகிறேன்.

ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருந்தால் பதறாதீர்கள். கார்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், வெளி மானிட்டரில் படம் வருகிறதா பாருங்கள். என்விடியா டிரைவர் 'பொருத்தமான ஹார்டுவேர் இல்லை' என்று மறுத்தால், உங்கள் லேப்டாப்பில் அந்தக் கார்டு வரும் என்று அதன் பட்டியலில் இல்லை என்றுதான் அர்த்தம், டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பை (எந்தெந்தக் கார்டுக்கு என்ற பட்டியல் இருக்கும் கோப்பு) திருத்திப் போட வேண்டியிருக்கும்.

சால்டர் செய்த லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. தண்டர்போல்ட் 3 அல்லது 4 போர்ட் இருந்தால் வெளிப் பெட்டியில் டெஸ்க்டாப் கார்டைப் போட்டு இணைக்கலாம். அதில் கார்டுக்குக் கிடைப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-இன் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் வழி) நான்கு லேன் அளவுதான், முழு வேகம் வராது. மானிட்டரை லேப்டாப்பில் சொருகாமல் அந்தக் கார்டிலேயே நேராகச் சொருகுங்கள், படம் திரும்பி அதே கேபிளில் வருவதால் ஆகும் வேக இழப்பு இருக்காது. அடுத்த லேப்டாப் வாங்கும் யோசனையில் இருந்தால் ஃபிரேம்வொர்க் 16-ஐப் பாருங்கள், அதில் ஜிபியு பின்னால் கழற்றி மாட்டும் மாட்யூலாகவே வருகிறது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு ரேம் குச்சி மட்டும் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் இன்னொன்று போட்டு இரட்டை சேனல் (இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை) ஆக்குங்கள், ஃபேனைத் தூசி தட்டி, பேஸ்டைப் புதுப்பித்து, திணறிய அதே கேமை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.