சாய்கோட்டில் சிக்கிய விண்ணப்பம்

வாலாஜாபேட்டையில் இருக்கும் தங்கை மகளுக்காகக் கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் பதிவு செய்தேன். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், ‘தவறான உள்ளீடு’ என்று ஒரு சிவப்பு வரி. எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்லவில்லை; நிரப்பியது அத்தனையும் அழிந்தும் போயிற்று. படிக்கிற பிள்ளையை இப்படி அலைக்கழிப்பது அநியாயம்.

விவரங்களை நோட்பேடில் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டேன். அழிந்தாலும் நகலெடுத்து ஒட்டலாம். பிறகு ஒவ்வொரு கட்டமாக மாற்றிப் பார்த்தேன். கதவு எண் 14/2-இல் இருந்த சாய்கோடுதான் சிக்கல்! ‘14-2’ என்று போட்டதும் ஏற்றுக்கொண்டது. இனிஷியலை அடுத்த புள்ளியையும் எடுக்க வேண்டியிருந்தது. குடும்பப் பெயர் கட்டாயமாம். நம் பக்கத்தில் யாருக்கு அது இருக்கிறது? தந்தை பெயரை இட்டேன்.

மாவட்டப் பட்டியலில் ராணிப்பேட்டையே இல்லை. வேலூரிலிருந்து 2019-இலேயே பிரிந்த மாவட்டம் அது. ‘வேலூர்’ என்று தேர்ந்தெடுத்து, முகவரியின் இரண்டாம் வரியில் ‘ராணிப்பேட்டை மாவட்டம்’ என்று சேர்த்தேன். விண்ணப்ப எண் வந்தது. சான்றிதழில் உள்ள மாவட்டம் வேறு என்பதால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு உதவி மையத்துக்கு அன்றே மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன்.