கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி: பாதிப்பைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பழக்கும் முறை

விழுங்கிய மாத்திரை வடிவக் கேமரா சிறுகுடலைப் படமெடுப்பதே கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி. அந்த வீடியோவைப் பார்க்கப் பயிற்சிக்கு வரும் மருத்துவருக்கு முதல் நாளே ஆஞ்சியெக்டேசியா (குடல்சுவரில் விரிந்து பின்னிய நுண்ணிய ரத்தக்குழாய்கள்), புண், கட்டி என்று தேர்ந்தெடுத்த படங்களைக் காட்டாதீர்கள். அந்தப் படங்களில் பாதிப்பு நடுவில், தெளிவாக இருக்கும். நிஜத்தில் 50,000-க்கு மேற்பட்ட படங்களில் இரண்டு மூன்றில் மட்டும், ஓரமாக, பாதி பித்தநீருக்குள் மறைந்து வந்துபோகும். ஆகவே இயல்பான சிறுகுடலின் முழு வீடியோக்களில்தான் தொடங்க வேண்டும். குமிழி, உணவுத்துணுக்கு, நீலமாகத் தெரியும் சிரை எல்லாம் கண்ணுக்குப் பழகிய பிறகே பாதிப்பு தனித்துத் தெரியும்.

முதல் வேலை, மூன்று இடங்களைக் குறிப்பது: இரைப்பை, டியோடினம் (சிறுகுடலின் தொடக்கம்), சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) ஆகிய ஒவ்வொன்றின் முதல் படம். இது பிசகினால் பாதிப்பு இருக்கும் இடம் பிசகும். அடுத்து என்டரோஸ்கோப்பை (சிறுகுடலுக்குள் செலுத்தும் நீண்ட குழாய்க் கேமரா) வாய்வழி விடுவதா மலவாய்வழி விடுவதா என்ற முடிவும் பிசகும்.

திரையில் ஒரு நேரத்தில் ஒரே படமாக ஓட்டும்போது நொடிக்கு 10 ஃப்ரேமைத் தாண்ட வேண்டாம். டியோடினத்திலும் அதை அடுத்த ஜெஜுனத்தின் தொடக்கத்திலும் கேப்ஸ்யூல் விரைந்து ஓடுவதால் இன்னும் குறையுங்கள். டியோடினத்தில் பித்தநாளம் திறக்கும் இடமான ஆம்புல்லாவைத் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடியோக்களில் அது சிக்காது. கேப்ஸ்யூல் எவ்வளவை விட்டுவிடுகிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

சிவப்பாக ஏதாவது தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்தி, முன்னும் பின்னும் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்த வேண்டும். குடல் மடிப்போடு சேர்ந்து நகர்ந்தால் அது சுவரில் இருக்கிறது. நீரோடு மிதந்து போனால் கழிவு. ஆஞ்சியெக்டேசியாவின் ஓரம் வெட்டினாற்போல இருக்கும், உள்ளே நுண்குழாய்கள் கிளைத்துப் பின்னியிருக்கும். ஓரம் மங்கிய வெறும் சிவப்புப் புள்ளியை ஆஞ்சியெக்டேசியா என்று எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. ரத்தக்கசிவுக்காகச் செய்த பரிசோதனையில் சவ்ரின் வகைப்பாட்டின்படி அது பி1தான் (கசிவுக்குக் காரணமா என்பது உறுதியில்லை), ஆஞ்சியெக்டேசியா பி2 (காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்). சிறு அரிப்பில் நடுவே வெண்மஞ்சள் படிவும் சுற்றிலும் சிவப்பு வளையமும் தெரியும். அதைப் பார்த்ததும் வலிமாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்காமல் கிரோன் நோய் (குடலின் நாள்பட்ட அழற்சி) என்று எழுதக் கூடாது. நம் நாட்டில் இலியப் புண் (சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும் புண்) என்றால் காசநோயும் கணக்கில் வரும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, திசு எடுத்தே ஆக வேண்டும்.

வழுவழுப்பான புடைப்புதான் இருப்பதிலேயே கடினம். பக்கத்துக் குடல்வளைவு அழுத்தினாலும் கட்டி போலவே தெரியும். நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். விளிம்பு தெளிவா? அகலத்தைவிட உயரம் அதிகமா? அது தெரியும் படங்களில் குடலின் உள்ளே இருக்கும் வெற்றிடம் தெரியாமல் போகிறதா? 10 நிமிடத்துக்கு மேல் படங்களில் நீடிக்கிறதா? மூன்றுக்காவது ‘ஆம்’ என்றால் கட்டி என்று சந்தேகித்து சி.டி. என்டரோகிராஃபிக்கு (சிறுகுடலுக்கான சி.டி. ஸ்கேன்) அனுப்பலாம்.

சிவப்பாகத் தெரியும் படங்களைத் தானே சுட்டும் மென்பொருளின் சிவப்பு எச்சரிக்கையைப் பயிற்சியில் கடைசியாகத் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் பார்வை அந்த இடங்களுக்கு மட்டும் தாவும். சிவக்காத புண்ணும் கட்டியும் தப்பிவிடும்.

ஒரே அமர்வில் ஒரு வீடியோ போதும், கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். பயிற்சியாளரும் மாணவரும் தனித்தனியே பார்த்து, குறித்த நேரங்களை ஒப்பிடுங்கள். விடுபட்ட இடத்தை மாணவரே திரும்ப ஓட்டி, பார்த்தும் அலட்சியப்படுத்தினாரா, பார்க்கவே இல்லையா என்று சொல்ல வேண்டும். முன்னதற்குப் பாடம் தேவை. பின்னதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் பாடத்திட்டம் குறைந்தது 30 வீடியோக்களுக்குப் பிறகே மதிப்பீடு செய்யச் சொல்கிறது.