நாய்க்குட்டிக்கு டே கேர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் நாய்க்குட்டி சிட்டுவுக்கு அப்போது ஐந்து மாதம். வீட்டில் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். காலையில் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால், கடைசிப் படி இறங்கும் வரை உள்ளே அவள் அழுவது கேட்கும். மனசு தாங்காமல் ஒரு டே கேரில் சேர்த்தோம். பச்சைப் பசேலென்று செயற்கைப் புல்தரை, வண்ணச் சறுக்கு, சுவர் முழுக்க நாய்ப் படங்கள், வரவேற்பில் சிரித்த முகம். முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்தவள் மடமடவென்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் காலை வரை எழுந்திருக்கவில்லை. நன்றாக ஆடியிருக்கிறாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். மூன்றாவது வாரம், அந்த வாசலில் கார் நின்றதும் இறங்க மறுத்து இருக்கைக்கு அடியில் புகுந்துகொண்டாள். கையை நீட்டித் தொட்டேன். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்த தவறுகளையும், பிறகு வேறு இடம் தேடி அலைந்தபோது தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இடத்தைப் பார்த்தோம், அந்த இடத்தில் நாய்களுக்கு நடுவே நிற்கும் ஆளைப் பார்க்கவில்லை.

இடத்தின் அழகைப் பார்த்து முடிவெடுப்பது

சறுக்கும் நீச்சல் குளமும் நமக்காக வைத்தவை. நாய்க்குட்டிக்கு வேண்டியது வேறு. வாசலில் இரட்டைக் கதவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கதவைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். காலையில் ஆளும் நாயுமாக நெரிசலாக இருக்கும்போது, ஒற்றைக் கதவின் இடுக்கில் ஒரு குட்டி நழுவித் தெருவுக்கு ஓட இரண்டு நொடி போதும். அப்புறம் தரை. வழவழப்பான டைல்ஸில் குட்டிகள் வழுக்கி வழுக்கி ஓடுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த வயதில் எலும்பு நீளும் இடங்களான வளர்முனைகள் இன்னும் மூடியிருக்காது, வழுக்கி விழுந்தால் அங்கே அடிபடலாம். அவை மூட ஒரு வருடம் வரை ஆகும், பெரிய இனங்களில் ஒன்றரை வருடம்கூட ஆகலாம். ரப்பர் விரிப்போ சொரசொரப்பான தரையோ இருப்பது நல்லது.

கழுத்துப்பட்டையைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. விளையாட்டில் ஒரு நாய் இன்னொன்றின் கழுத்தைக் கவ்வும்போது, அதன் கீழ்த்தாடை அடுத்ததன் பட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். பயந்துபோய் இரண்டும் உருண்டால் பட்டை முறுக்கிக்கொள்ளும். சில நிமிடங்களில் உயிரே போய்விடும். கூட்டத்தில் விடும்போது பட்டையைக் கழற்றிவிடுகிறார்களா, அல்லது இழுத்தால் தானாகப் பிரிகிற வகையைப் போடுகிறார்களா என்று கேளுங்கள். இதற்கு உடனே பதில் சொல்கிறவர் அனுபவம் உள்ளவர்.

சரி, ஆளைப் பார்ப்பது எப்படி? நாய்கள் விளையாடும் நேரத்தில் போய், 20 நிமிடம் ஓர் ஓரமாக நிற்க அனுமதி கேளுங்கள். உள்ளே விட முடியாது என்றால் அதில் நியாயம் உண்டு, புது ஆள் வந்தால் நாய்கள் கிளர்ச்சியடையும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாவது பார்க்க விட வேண்டும். அதுவும் முடியாது, போட்டோ அனுப்புகிறோம் என்று சொல்லும் இடத்தில் குட்டியை விடாதீர்கள்.

நாங்கள் பார்த்த நான்காவது இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பழுப்பு நிறத்தில் பெரிய குட்டி ஒன்று, தன்னில் பாதிகூட இல்லாத வெள்ளைக் குட்டியைச் சுவரோரம் தள்ளி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. அங்கிருந்த பெண் கத்தவில்லை, கைதட்டவில்லை. நடந்து போய் இரண்டுக்கும் நடுவில் நின்றாள். பெரியதன் மார்பில் கைவைத்துப் பிடித்துக்கொண்டு சின்னதைப் பார்த்தாள். அதற்கு இன்னும் விளையாட ஆசை இருந்தால் தானே திரும்பி வந்திருக்கும். வரவில்லை. பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. உடனே அவள் பெரியதை அழைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டாள். மொத்தமும் பத்து நொடி இருக்கும். எந்த நாயும் உறுமவில்லை, எதையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. நான் தேடியது இந்தக் கண்ணைத்தான் என்று அப்போது புரிந்தது.

உறுமலும் கடியும் வந்த பிறகு ஓடிவந்து பிரிப்பது பாதுகாப்பு ஆகாது. ஆள் கைப்பேசியில் இருக்கிறாரா, ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கிறாரா, நாய்களோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறாரா என்று பாருங்கள். எண்ணியும் பாருங்கள். ஓர் ஆளுக்கு 10 நாய் என்றால் சமாளிக்கலாம், குட்டிகள் என்றால் அதற்கும் குறைவாக இருப்பது நல்லது. 20, 25 நாய்க்கு ஒரே ஆள் என்றால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டு கண்ணால் என்ன செய்ய முடியும்? அளவும் குணமும் பார்த்துத் தனித்தனிக் குழுவாக வைக்கிறார்களா என்பதும் முக்கியம். பெரிய நாய்க்கும் மிகச் சிறிய நாய்க்கும் நடுவில் ஓட்டம் சூடுபிடித்தால், பெரியதன் கண்ணுக்குச் சின்னது திடீரென்று இரையாகத் தெரிந்துவிடும். அதில் பகை எதுவும் இருக்காது. ஆனால் கடி விழுந்துவிடும்.

களைப்பை மகிழ்ச்சி என்று நினைப்பது

எங்கள் பெரிய தவறு இதுதான். நாய்க்குட்டி ஒரு நாளில் சுமார் 18 மணி நேரம் தூங்க வேண்டிய பிராணி. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை கூச்சலுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் விட்டால் அதற்குக் கண்ணை மூட வழியில்லை. வீட்டுக்கு வந்து கட்டைபோல விழுவது நன்றாக விளையாடியதால்தான் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். தூக்கம் கெட்ட குட்டி சிடுசிடுக்கும், அதிகமாகக் கடிக்கும், சின்னச் சத்தத்துக்கும் துள்ளும்.

அதனால் எந்த டே கேரிலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, "மதியம் குட்டிகள் எங்கே தூங்கும்?" என்பது. தனித் தனியாக, வெளிச்சம் குறைவான, அமைதியான இடத்தைக் காட்டினால் சரி. "இங்கே எல்லாம் ஜாலியாக நாள் முழுக்க விளையாடும்" என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

குட்டி அங்கே எப்படி இருக்கிறது என்பதை அதன் உடம்பே சொல்லும். வால் அடிவயிற்றோடு ஒட்டியிருப்பது, காதுகள் பின்னுக்குப் படிந்திருப்பது, சாப்பாடு இல்லாதபோதும் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, ஆளின் காலிடுக்கில் ஒளிவது எல்லாம் "எனக்கு இது வேண்டாம்" என்று அது சொல்வது. நல்ல விளையாட்டு வேறு மாதிரி இருக்கும். முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி ஒன்றையொன்று கூப்பிடும். துரத்துவதும் ஓடுவதும் மாறி மாறி நடக்கும். நடுவே நின்று உடம்பை உதறிக்கொள்ளும், மூச்சு வாங்கும், மறுபடி தொடங்கும். எப்போதும் ஒரே குட்டிதான் கீழே கிடக்கிறது என்றால் அது விளையாட்டு இல்லை.

கேமரா இருக்கிறது என்று சொல்லும் இடங்களில் அதைத் திறந்து பார்த்தால், இந்த அடையாளங்களைத் தேடுங்கள். சிட்டுவின் அந்தப் பழைய டே கேரிலும் கேமரா இருந்தது. நானும் தினம் பார்த்தேன். அவள் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை 'சமத்தாக இருக்கிறாள்' என்று கணவருக்கு அனுப்பியும் வைத்தேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

தடுப்பூசி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறுவது

பார்வோ என்ற வைரஸ் நோய் 1978 வாக்கில்தான் நாய்களிடம் முதலில் கண்டறியப்பட்டது. வெகு சீக்கிரத்தில் உலகம் முழுக்கப் பரவியது. குட்டிகளின் குடலைத் தாக்கி, வாந்தியும் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்குமாக ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடியது. நோயுள்ள நாயின் மலம் பட்ட மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டில் புழங்கும் பல கிருமிநாசினிகள் அதை ஒன்றும் செய்வதில்லை. அழுக்கைக் கழுவிய பிறகு, 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டால் சாகும். "தரையை எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள்?" என்ற கேள்வி அதனால்தான் முக்கியம். வாசனைத் திரவத்தின் பெயரைச் சொன்னால் அது பதில் இல்லை.

குட்டிக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, ஊசி வேலை செய்வதைத் தடுக்கும். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும் வரையாவது திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறது உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம். முதல் ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று கூட்டத்தில் விடுவது ஒரு தவறு. அதே நேரம், எல்லா ஊசியும் முடியட்டும் என்று நான்கு மாதம் வரை வெளியுலகமே காட்டாமல் வைத்திருப்பது இன்னொரு தவறு. 3 வாரம் முதல் சுமார் 14 வாரம் வரைதான் குட்டி புதிய ஆட்களையும் நாய்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம். இந்த வயதில் நாள் முழுக்க டே கேர் தேவையில்லை. ஊசி போட்ட, சாதுவான ஓரிரு நாய்களோடு பழகுவதும், சுத்தமான இடத்தில் நடக்கும் சிறு குட்டி வகுப்பும் போதும். உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ரேபிஸ் ஊசி, லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலுக்கான ஊசி, கென்னல் காஃப் என்ற தொற்று இருமலுக்கான ஊசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாவற்றுக்கும் தேதியோடு சான்று கேட்கும் இடம்தான் நல்ல இடம். உங்கள் குட்டியின் தடுப்பூசி அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டால், அங்கே இருக்கும் மற்ற நாய்களின் அட்டையையும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கென்னல் காஃபைப் பற்றி மட்டும் ஒன்று: ஊசி போட்டிருந்தாலும் வரலாம். தொண்டையில் எலும்பு மாட்டியதுபோலக் கக்கிக் கக்கி இருமும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆனால் சிறு குட்டிகளில் நிமோனியாவாக மாறலாம். இருமும் நாயை அன்றே தனியாக வைத்து, மற்ற எல்லோருக்கும் தகவல் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கடமான கேள்விகளைக் கேட்காமல் விடுவது

நாங்கள் கட்டணம் கேட்டோம், நேரம் கேட்டோம், வண்டி வந்து அழைத்துப் போகுமா என்று கேட்டோம். கேட்டிருக்க வேண்டியது இது: "கடைசியாக இங்கே நாய்ச் சண்டை எப்போது நடந்தது? என்ன செய்தீர்கள்?" எங்களிடம் சண்டையே நடந்ததில்லை என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. பத்து நாய் கூடும் இடத்தில் எப்போதாவது உரசல் வரத்தான் செய்யும். என்ன நடந்தது, யாரிடம் கொண்டுபோனோம், அதற்குப் பிறகு எதை மாற்றினோம் என்று வரிசையாகச் சொல்கிறவர்தான் உங்கள் குட்டிக்கு அடிபட்டாலும் மறைக்காமல் சொல்வார்.

அடுத்தது, சொன்ன பேச்சுக் கேட்காத நாயை என்ன செய்வார்கள் என்பது. தண்ணீரைப் பீச்சுவது, நாணயம் போட்ட டப்பாவைக் காதருகே குலுக்குவது, மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலர் பட்டை, கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்துவது, இதில் எதைச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல், வளர்ந்துவரும் வயதில், குட்டிக்கு மறுபடி ஒரு பயந்த பருவம் வரும். அப்போது பட்ட பயம் சுலபத்தில் போகாது.

அவசரம் என்றால் எந்த மருத்துவர், போக எவ்வளவு நேரம் ஆகும், வண்டி இருக்கிறதா, உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் சிகிச்சைக்கு யார் சம்மதம் சொல்வது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு தனித்தனியாகத் தருகிறார்களா என்றும் கேளுங்கள். தட்டுக்காகத்தான் பல சண்டைகள் தொடங்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய் என்றால், வெயில் நேரத்தில் எங்கே வைப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடவே கூடாது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்க முடியும், அவற்றால் அதுவும் சரியாக முடியாது.

முதல் நாளே முழு நாள்

நல்ல இடம் உங்களை அவசரப்படுத்தாது. முதலில் குட்டியைத் தனியாகப் பார்ப்பார்கள், பிறகு அமைதியான ஒரே ஒரு நாயோடு, பிறகு சின்னக் குழுவோடு. ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள் என்று போகும். வாரம் ஐந்து நாளும் விடுவது எந்தக் குட்டிக்கும் அதிகம். ஒன்று அல்லது இரண்டு நாள் போதும். மீதி நாளுக்கு வீட்டுக்கே வந்து வெளியே அழைத்துப் போகும் ஆளையோ, நாய் தெரிந்த பக்கத்து வீட்டாரையோ ஏற்பாடு செய்யலாம். கூட்டமே பிடிக்காத நாய்களும் உண்டு. "உங்கள் நாய்க்கு இது ஒத்துவராது" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் இடம் கிடைத்தால், அந்த வார்த்தையை மதியுங்கள்.

சேர்த்த பிறகும் கவனியுங்கள். டே கேருக்குப் போன மறுநாளெல்லாம் வயிற்றுப்போக்கு, வாசலைப் பார்த்ததும் கால் பின்வாங்குவது, தெருவில் மற்ற நாய்களைக் கண்டால் முன்பு இல்லாத குரைப்பு, இவற்றில் ஒன்று தொடர்ந்தாலும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

சிட்டு இப்போது அந்த நான்காவது இடத்துக்கு வாரம் இரண்டு அரை நாள் போகிறாள். முதல் இரண்டு மாதம் வாசலில் நின்று யோசித்துத்தான் உள்ளே போவாள், அந்தப் பெண்ணும் அவளாக வரும் வரை தரையில் உட்கார்ந்து காத்திருப்பாள். போன வாரம் மதியம் அவளிடமிருந்து செய்தி வந்தது: "இன்றைக்குச் சிட்டுவுக்கு யாரோடும் சேர மனசில்லை. என் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன். தூங்குகிறாள்."