நூறு கோடியில் மூன்று: அரிய சிதைவைத் தேடும் முறை

எனக்குப் பிடித்த சிதைவு, பி-எஸ் மேசான் என்ற குறுகிய ஆயுள் துகள் இரண்டு மியூவான்களாக (எலக்ட்ரானின் கனமான உறவுகள்) உடைவது. நூறு கோடி பி-எஸ் பிறந்தால் மூன்று நான்குதான் இப்படி உடையும்.

புரோட்டான்களை மோதவிடும் செர்ன் ஆய்வகத்தின் தரவில், முதலில் எதிரெதிர் மின்னூட்டமுள்ள இரண்டு மியூவான்களைத் தேடுங்கள். மற்ற துகள்கள் பெரும்பாலும் கருவியின் இரும்பில் நின்றுவிடும். மியூவான் அதைத் தாண்டி வெளி அறைகளில் தடம் பதிக்கும்.

அப்புறம் இரு தடங்களையும் பின்னோக்கி நீட்டுங்கள். அவை ஒரே புள்ளியில் சேர வேண்டும். அந்தப் புள்ளி புரோட்டான்கள் மோதிய இடத்திலிருந்து விலகியும் இருக்க வேண்டும். பி-எஸ் வாழ்வது சுமார் 1.5 பைக்கோ விநாடி. ஆனாலும் அதன் வேகத்தில், செர்னின் எல்எச்சிபி கருவியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஓடிவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மோதலிடம் முள்புதர் மாதிரி இருக்கும். சற்றுத் தள்ளி இரண்டே கோடுகள் தனியாகக் கிளம்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இனி ஜோடியின் நிறையைக் கணக்கிடுங்கள். எந்த நிறையில் எத்தனை ஜோடிகள் என்று வரைபடம் போட்டு, முதலில் 3.1 ஜிஇவி-யில் (துகள் நிறையின் அலகு) ஜே-சை முகடு தெரிகிறதா என்று பாருங்கள்; ஜே-சை என்பது இரண்டு மியூவான்களாக உடையும் நன்கறிந்த துகள். தெரியாவிட்டால் உங்கள் நிரலில்தான் பிழை. பி-எஸ் இருக்கும் 5.37 ஜிஇவி பகுதியை மட்டும் மூடியே வையுங்கள். கை பரபரக்கும், வேண்டாம். வடிகட்டும் விதிகளை முடிவு செய்யுமுன் திறந்தால், நாம் விரும்பியதே நமக்குத் தெரியும்.

மியூவானாக வேடமிடும் பையான், கேயான் என்ற வேறு துகள்களைத் தனியாக மதிப்பிடுங்கள். பொறுமை முக்கியம்: செர்னின் இன்னொரு கருவியான சிஎம்எஸ், எல்எச்சிபி இரண்டின் குழுக்களும் தங்கள் தரவை ஒன்றாகச் சேர்த்த பிறகே, 2015-இல் இந்தச் சிதைவு உறுதியாக வெளியானது.

பழக, செர்ன் இலவசமாகத் தரும் சிஎம்எஸ் திறந்த தரவே போதும்.