சிங்கப்பூரில் பிஇ தேர்வுக்குத் தயாராவது எப்படி

பிஇ, அதாவது புரொஃபெஷனல் இன்ஜினியர் லைசென்ஸுக்குப் படிக்கப்போகிறேன் என்று சொல்லும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது "எந்தப் புத்தகம் வாங்கணும்?" என்பதைத்தான். அது அப்புறம். முதலில் உங்கள் பட்டம் செல்லுமா என்று பாருங்கள். புரொஃபெஷனல் இன்ஜினியர்ஸ் போர்டு எந்தெந்தப் பட்டங்களை ஏற்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இல்லாவிட்டால் எவ்வளவு படித்தாலும் தேர்வு அறைக்குள் போக முடியாது. இங்கேயே என்யுஎஸ், என்டியூவில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது உண்மைதான், ஆனால் அதை வைத்து எல்லாக் கல்லூரிப் பட்டமும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒப்பந்தத்தின் கீழ் அங்கீகாரம் கிடைத்த கல்லூரியா, அதிலும் உங்கள் பாடப்பிரிவா, நீங்கள் முடித்த ஆண்டு அதற்குள் வருகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் போர்டுக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஆபிஸில் சீனியர் அண்ணன் "எனக்குக் கொடுத்தாங்களே" என்று சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், அவர் முடித்த ஆண்டு வேறு, உங்கள் ஆண்டு வேறு.

சிவில், எலெக்ட்ரிகல், மெக்கானிகல், கெமிக்கல் என்று நான்கு பிரிவுகளில் பதிவு உண்டு. தேர்வு இரண்டு கட்டம்: கல்லூரிப் பாடத்தைச் சோதிக்கும் ஃபண்டமென்டல்ஸ் தேர்வு ஒன்று, வேலை அனுபவத்தோடு எழுதும் பிராக்டிஸ் தேர்வு இன்னொன்று. பதிவுக்குக் குறைந்தது 4 ஆண்டு அனுபவம் வேண்டும், அதற்கு மேல் நேர்காணலும் இருக்கிறது. ஃபண்டமென்டல்ஸை மட்டும் தள்ளிப்போடவே போடாதீர்கள். படிப்பு முடித்த சூட்டோடு எழுதிவிட்டால் மேட்ரிக்ஸும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் இன்னும் கையில் இருக்கும். கல்யாணம், குழந்தை, சைட்டில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று ஆனபிறகு அதே பாடத்தை மறுபடி தொடுவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம். இந்தத் தேர்வில் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்து எழுதலாம். நிறையப் பேர் இதைக் கேட்டதும் நிம்மதியாகி, ட்ராலி பெட்டி நிறையப் புத்தகமும் கோடும் (வடிவமைப்பு விதிநூல்) அடுக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கேதான் ஆபத்து. தேடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும் பதில் உங்களிடம் இல்லாத பதில் மாதிரிதான். பார்த்து எழுதும் தேர்வில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் மதிப்பெண், எத்தனை கிலோ சுமந்து போனீர்கள் என்பதற்கு இல்லை.

அதனால் படிக்க ஆரம்பிக்கும் முதல் நாளே சொந்தமாக ஒரு அட்டவணை எழுதத் தொடங்குங்கள். அடுத்தவர் போட்டதை நகலெடுக்க வேண்டாம், எழுதும்போதுதான் அது மனதில் உட்காரும். கான்கிரீட்டுக்கான கோடு எஸ்எஸ் இஎன் 1992ஐ (சிங்கப்பூரில் பயன்படும் யூரோகோடு, அதாவது ஐரோப்பிய விதிநூல்) எடுத்துக்கொண்டால், பிரிவு எண்கள் இப்படி: ஷியர் 6.2, பஞ்சிங் 6.4, டிஃப்ளெக்‌ஷன் 7.4, கம்பி ஆங்கரேஜ் 8.4, பீம் டீடெயிலிங் 9.2. இந்த எண்களைப் பக்க எண்ணோடு ஒரே தாளில் எழுதி, பக்கத்திலேயே சிங்கப்பூர் நேஷனல் அனெக்ஸில் (இந்த நாட்டுக்கான மதிப்புகளைத் தரும் பிற்சேர்க்கை) எந்த மதிப்பு மாறுகிறது என்பதையும் குறித்துவிடுங்கள். அனெக்ஸைப் பார்க்காமல் மூல கோடில் இருக்கும் மதிப்பையே போட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். ஜியோடெக்னிகலுக்கு எஸ்எஸ் இஎன் 1997. இங்கே டிசைன் அப்ரோச் 1 என்ற முறை என்பதால் இரண்டு காம்பினேஷனையும் (பாதுகாப்புக் காரணிகளின் இரண்டு தொகுப்பு) போட்டுப் பார்க்க வேண்டும், இரண்டாவதில் ஃப்ரிக்‌ஷன் கோணத்தின் டேன் மதிப்பை 1.25ஆலும் அன்ட்ரெயின்ட் ஷியர் வலிமையை 1.4ஆலும் வகுக்க வேண்டும். இப்படி அடிக்கடி கை போகிற இடங்களுக்கு வண்ணச் சீட்டு ஒட்டுங்கள். ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் ஒட்டினால் எதற்கும் ஒட்டாத மாதிரி ஆகிவிடும்.

பழைய நோட்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் ஃபைல்களில் பழைய பிரிட்டிஷ் கான்கிரீட் கோடான பிஎஸ் 8110 கணக்குகள் இன்னும் இருக்கின்றன. 2015 ஏப்ரல் 1 முதல் இங்கே கட்டட வடிவமைப்புக்கு யூரோகோடுதான். பழைய கணக்கில் நிலைச்சுமையை 1.4ஆலும் புழங்குசுமையை 1.6ஆலும் பெருக்கியிருப்பார்கள், இப்போது 1.35, 1.5. கணக்குப் போடும் முறையைக் கற்றுக்கொள்ளப் பழையது உதவும், ஆனால் அந்த ஃபைலைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், அவசரத்தில் கை அதைத்தான் புரட்டும்.

அடுத்தது கைக்கணக்கு. எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். நாள் முழுக்க ஈடேப்ஸிலும் பிளாக்ஸிஸிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு, பீமின் சொந்த எடையை மென்பொருளே சேர்த்துக்கொள்ளும். பேனாவை எடுத்தால் அதைச் சேர்க்க வேண்டியது நீங்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 150 மி.மீ. ஸ்லாப், எடை ஒரு சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன், ஃபினிஷ் 1.25, ஆக நிலைச்சுமை 5, புழங்குசுமை 3. பெருக்கிக் கூட்டினால் 11.25. பீம் 4 மீட்டர் அகலத்துக்குச் சுமை வாங்குகிறது என்றால் மீட்டருக்கு 45. இருபக்கமும் சும்மா உட்கார்ந்திருக்கும் 8 மீட்டர் ஸ்பானுக்கு மொமென்ட் 360 கிலோநியூட்டன் மீட்டர். அகலம் 300, மொத்த ஆழம் 600, எஃபெக்டிவ் ஆழம் 540 மி.மீ., கான்கிரீட் வலிமை 30, கம்பி வலிமை 500 என்று வைத்து, செவ்வகக் குறுக்குவெட்டாகவே போட்டால் சுமார் 1,780 சதுர மி.மீ. கம்பி வரும். 25 மி.மீ. கம்பி நாலு போட்டால் 1,963, போதும் என்று முடித்துவிடத் தோன்றும். இப்போது ஸ்லாபுக்குக் கீழே தொங்கும் பீமின் எடையைச் சேருங்கள்: 0.3 பெருக்கல் 0.45 பெருக்கல் 25, அதை 1.35ஆல் பெருக்கினால் மீட்டருக்கு 4.6. மொமென்ட் 396 ஆகிறது, தேவையான கம்பி 2,000ஐத் தாண்டுகிறது. நாலு கம்பி போதவில்லை. ஒரே ஒரு வரி விட்டுப்போனதில் விடை மாறிவிட்டது.

இது தேர்வுக்கு மட்டும் சொல்லும் பேச்சு இல்லை. சிராங்கூன் சாலையில், ஓவன் ரோடு முனையில், நம் பெருமாள் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் லியன் யாக் கட்டடம் இருந்தது, ஹோட்டல் நியூ வேர்ல்ட் என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று நினைவு வரும். 1986 மார்ச் 15 அன்று அந்த ஆறு மாடியும் சரிந்து 33 பேர் இறந்தார்கள். வடிவமைப்புக் கணக்கில் கட்டடத்தின் சொந்த எடையையே சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரிய வந்தது. அதன் பிறகு வந்ததுதான் 1989ஆம் ஆண்டு கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஒருவர் போட்ட டிசைனை அதில் எந்தப் பங்கும் இல்லாத அக்ரெடிட்டட் செக்கர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அதில் வந்தது.

அதனால்தான் சட்டப் பகுதியை மனப்பாடப் பாடமாகப் படிக்காதீர்கள் என்கிறேன். எந்த விதி எந்த விபத்துக்குப் பிறகு வந்தது என்று சேர்த்துப் படித்தால் மறக்கவே மறக்காது. 2004 ஏப்ரல் 20, நிக்கோல் ஹைவே. எம்ஆர்டி தோண்டலில் தாங்கு அமைப்பு சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். களிமண்ணின் வலிமையைக் கணினி மாதிரியில் கூடுதலாகக் காட்டும் முறையைப் பயன்படுத்தியது ஒரு தவறு, ஸ்ட்ரட்டும் (குறுக்கே முட்டுக்கொடுக்கும் கம்பம்) வேலரும் (சுவரோடு ஓடும் உத்திரம்) சேரும் இணைப்பைப் போதாமல் வடிவமைத்தது இன்னொன்று. அந்த அனுபவத்துக்குப் பிறகு 6 மீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்டுவது போன்ற வேலைகளுக்குத் தனி ஜியோடெக்னிகல் நிபுணரின் பொறுப்பு சட்டத்துக்குள் வந்தது. இதைத் தெரிந்துகொண்டவருக்கு அந்த 6 மீட்டர் வெறும் எண்ணாக இருக்காது.

சட்டங்கள் எல்லாம் சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைனில் இலவசமாகவே கிடைக்கின்றன, காசு கொடுத்து யாரிடமும் வாங்க வேண்டாம். கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், புரொஃபெஷனல் இன்ஜினியர்ஸ் சட்டம், அதன் கீழ் வரும் நடத்தை விதிகள், வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், இவற்றை முதலில் முடியுங்கள். டிசைன் ஃபார் சேஃப்டி விதிகள் 2016 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ளன, ஒப்பந்த மதிப்பு 1 கோடி வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு. படிக்கும்போது ஒரு பெரிய தாளில் குவாலிஃபைட் பெர்சன் (திட்டத்தின் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்பவர்), செக்கர், பில்டர், சைட் சூப்பர்வைசர் என்று கட்டம் போட்டு, யார் யாரை நியமிக்கிறார், தப்பு நடந்தால் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள். நாலு பக்கம் விதியை அந்த ஒரு தாளில் பார்த்துவிடலாம்.

மெக்கானிகல், எலெக்ட்ரிகல்காரர்களுக்கும் வழி இதேதான், புத்தகம்தான் வேறு: ஏர்கானுக்கு எஸ்எஸ் 553, வயரிங்குக்கு எஸ்எஸ் 638, இரண்டு பேருக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் (எஸ்சிடிஎஃப்) தீயணைப்பு விதித்தொகுப்பு. பழைய சிபி 5 வைத்திருக்கிறவர்கள் அதைத் தூக்கி வைத்துவிடுங்கள், அதற்குப் பதிலாக வந்ததுதான் 638.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு, தினமும் மூன்று மணி நேரம் என்று திட்டம் போடாதீர்கள், சைட்டில் கான்கிரீட் போடும் நாளில் அது உடைந்துவிடும், உடைந்தால் மனசும் உடைந்துவிடும். எம்ஆர்டியில் சட்டம் படியுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கணக்கு. வீட்டில் முடியாது என்றால் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் போய் உட்காருங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் நல்லது, ஆளுக்கு ஒரு தலைப்பை எடுத்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். சிங்கப்பூர் இன்ஜினியர்கள் சங்கமான ஐஇஎஸ் நடத்தும் தயாரிப்பு வகுப்புக்குப் போவதும் பலன் தரும், ஆனால் வகுப்புக்குப் போனதையே படித்த கணக்கில் சேர்க்காதீர்கள். கடைசி மாதத்தில் கடிகாரத்தை வைத்து முழு நேரத் தேர்வு எழுதிப் பாருங்கள், அதே கால்குலேட்டர், அதே ஃபைல், அதே மேசை அளவு. எந்தக் கால்குலேட்டர் அனுமதி என்பதை அந்த ஆண்டுக்கான அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். ஒரு கேள்வியில் சிக்கினால் எடுத்துக்கொண்ட அனுமானத்தைத் தெளிவாக எழுதிவிட்டு நகர்ந்துவிடப் பழகுங்கள். எண் தப்பினாலும் வழி சரியாக இருப்பதைத் திருத்துகிறவர் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். அனுபவ அறிக்கைக்கான குறிப்புகளைத் தேர்வு முடிவு வந்தபிறகு தேடாதீர்கள். எந்தத் திட்டம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, அதில் நீங்களே எடுத்த முடிவு என்ன, ஏன் அப்படி எடுத்தீர்கள் என்று மாதக் கடைசியில் அரைப் பக்கம் எழுதி வையுங்கள். நேர்காணலில் உட்காரும்போது "எங்கள் டீம் செய்தது" என்பதைவிட "இந்த ரிடெயினிங் வாலுக்குப் பைலை நான் நீட்டச் சொன்னேன், மண் அறிக்கையில் இது இருந்தது" என்று சொல்ல முடிவதுதான் முக்கியம். உங்களை மேற்பார்வை செய்த பிஇ வேறு கம்பெனிக்குப் போவதற்குள் அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.