கர்ப்பப்பையை எடுத்தால் சிறுநீர்க் கசிவும் போய்விடுமா?

"பையை எடுத்துட்டா இதுவும் சரியாகிடும்ல?" மும்பை தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவந்த அன்று கேட்டார். 'இது' என்றது இருமினால், குடம் தூக்கினால் சிறுநீர் கசிவதை. கட்டிக்கும் ரத்தப்போக்குக்கும்தான் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கசிவைப் பற்றி அவர் டாக்டரிடம் வாயே திறக்கவில்லை.

இருமும்போது கசிவது பெரும்பாலும் சிறுநீர்க் குழாயைத் தாங்கும் தசையும் திசுவும் தளர்வதால். பையை எடுப்பதால் அந்தத் தாங்கல் திரும்பாது. ஆகவே தேதி குறிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சொல்வதிலும் கவனம் வேண்டும். 'தண்ணி போகுது' என்பதை அப்படியே இந்தியில் 'பானி ஜாத்தா ஹை' என்றால், மும்பையில் வெள்ளைப்படுதல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'கான்ஸ்னே பே பேஷாப் நிகல் ஜாத்தா ஹை' (இருமினால் சிறுநீர் வந்துவிடுகிறது) என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

எல்லாக் கசிவும் ஒன்றல்ல. அடக்க முடியாமல் கழிப்பறைக்குள் நுழைவதற்குள் போய்விடுவது வேறு வகை. அதற்கு மாத்திரையும் சிறுநீர்ப்பைப் பயிற்சியும் உண்டு. இருமினால் கசிவதற்காகச் சிறுநீர்க் குழாயின் கீழே நாடா வைத்துத் தாங்கும் ஸ்லிங் ஆபரேஷன் அதற்கான மருந்தல்ல. அக்கா, தன் மகனின் பழைய நோட்டில் மூன்று நாள் எழுதினார்: எத்தனை மணிக்குப் போனார், எத்தனை டம்ளர் டீ, எப்போது கசிந்தது. இரண்டு வகையும் அவருக்கு இருப்பது அதில்தான் தெரிந்தது. டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டு, ஸ்லிங்கைத் தள்ளிவைத்தார். இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை (சிறுநீரை அடக்க இறுக்கும் தசைகளுக்கான பயிற்சி) முறையாகக் கற்று, மூன்று மாதமாவது செய்யச் சொன்னார்.

பொதுக் கழிப்பறை வரிசைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதும் தவறு. நம் பெண்களை இப்படி வைத்திருப்பது எனக்கு வேதனைதான். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் தொற்றும் வரலாம்; மலச்சிக்கலும் வரலாம், கசிவும் கூடலாம்.

கர்ப்பப்பை இறங்கியிருந்தால் இன்னொரு விஷயம். இறங்கிய பகுதி சிறுநீர்க் குழாயை மடக்கி, இருக்கும் கசிவை மறைத்துவிடலாம். ஆபரேஷனில் மேலே தூக்கிக் கட்டிய பிறகு கசிவு புதிதாகத் தலைகாட்டலாம். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கையில் இறக்கத்தை மேலே தள்ளி, இருமச் சொல்லிப் பார்க்கும்படி கேளுங்கள். அப்புறம் கசிவுக்கான ஆபரேஷனைச் சேர்த்தே செய்வதா, பிறகு பார்ப்பதா என்று முடிவெடுக்கலாம்.

செயற்கை இழையாலான இந்த ஸ்லிங் நாடா முறை 1990களில் ஸ்வீடனில் உருவானது. நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சிலருக்கு நாடா திசுவை அரிக்கும், வலிக்கும், சிறுநீர் கழிக்கவே சிரமமாகும். பிரிட்டன் 2018-ல் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. உடம்பின் சொந்தத் திசுவிலேயே செய்யும் ஸ்லிங், தையல் போட்டுத் தூக்கிக் கட்டும் பர்ச் ஆபரேஷன் ஆகியவையும் உண்டு. எது, ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கர்ப்பப்பை எடுத்த சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ இரவு பகலாக யோனி வழியே சிறுநீர் ஒழுகினால், 'புண் ஆறட்டும்' என்று பேடு வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். சிறுநீர்ப்பையிலோ, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயிலோ துளை விழுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.