பைனாகுலரில் வியாழனின் நிலவுகள்

வியாழனின் நிலவுகளைப் பார்க்க டெலஸ்கோப் தேவையில்லை. 10 மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள என் பைனாகுலரே போதும். கை ஆடக்கூடாது, அதுதான் முக்கியம். நான் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தலையணை போட்டு முழங்கைகளை ஊன்றிக்கொள்வேன்.

முதலில் ஏதாவது ஒரு நட்சத்திரம் கூர்மையான புள்ளியாகத் தெரியும்வரை ஃபோகஸ் செய்யுங்கள். அப்புறம் வியாழனுக்குத் திருப்புங்கள். அதன் இருபுறமும், சில இரவுகளில் ஒரே பக்கமாகவும், ஏறக்குறைய ஒரே கோட்டில் சிறு புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நான்கு நிலவுகள்! மூன்றுதான் தெரிகிறதா? ஒன்று கிரகத்துக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கலாம்.

பார்த்ததைத் தாளில் வரைந்துகொண்டு மறுநாளும் பாருங்கள். இடம் மாறியிருக்கும். அந்த நான்கில் ஒன்றான அயோ சுமார் 42 மணி நேரத்தில் வியாழனை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். இன்னொரு நிலவான கலிஸ்டோவுக்குக் கிட்டத்தட்ட 17 நாள். வெகுதூரம் தள்ளித் தனியே நிற்பது பெரும்பாலும் கலிஸ்டோதான்.